பெட்டகமும் கதிரையும்

அரசர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டு நிலைத்திருக்கின்றது. வீடுகளின் வரலாறோ பெரும்பாலும் மரத்திலேயே தங்கியிருக்கின்றது. ஒரு கட்டில் எந்த ஆண்டிற் செய்யப்பட்டது, யாருக்காகச் செய்யப்பட்டது, எந்த மரத்தைத் தறித்துச் செய்யப்பட்டது, பின்னர் யார் கைக்குச் சென்றது என்பனவற்றை எந்தச் சாசனமும் கூறுவதில்லை. மரம் கறையானுக்கும் மழைக்கும் நெருப்புக்கும் எளிதில் இரையாகும். அது அழியும்பொழுது அதனைப் பற்றிய குடும்பக் கதையும் உடன் அழிகின்றது. ஆதலால், இலங்கைத் தமிழர், சிறப்பாக யாழ்ப்பாணத்தவர், தம் வீட்டுத் தேவைக்கெனத் தம் முற்றத்திலேயே செய்வித்துக்கொண்ட தளபாடங்களின் வரலாற்றைச் சற்றே ஆராய்தல் பயனுடையதாகும். ஆட்சி மாற்றம், கல்விப் பெருக்கம், சாதி வேற்றுமை, போர் ஆகிய யாவும் அவ்வரலாற்றினுள்ளே தத்தம் அடையாளங்களை விட்டுச் சென்றிருக்கின்றன.

இவ்வாராய்ச்சிக்கு முதற்சான்று சொற்களே. வீட்டிலுள்ள மரப்பொருள்களின் பெயர்களை இரண்டு வரிசையாகப் பிரித்து நோக்கலாம். கட்டில், தொட்டில், பெட்டி, பெட்டகம், மணை, உரல், உலக்கை என்பன ஒரு வரிசை. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, லாச்சி என்பன மற்றொரு வரிசை. முதல் வரிசையிலுள்ளவை தமிழர் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர்கள். இரண்டாம் வரிசையிலுள்ளவை கடல் கடந்து வந்தவை. கதிரை என்பது போர்த்துக்கேயரின் கதெய்ரா. மேசை அவர்களின் மெசா. அலுமாரி அவர்களின் அர்மாரியோ. வாங்கு அவர்களின் பாங்கோ. மேசையின் அடியில் இழுத்துத் திறக்கப்படும் லாச்சி, ஒல்லாந்தரின் லாட்யே என்னும் சொல்லின் திரிபு. தமிழகத்தார் நாற்காலி என்று கூறுமிடத்தில் ஈழத்தவர் கதிரை என்று கூறுவதும், அவர்கள் பெஞ்சு என்று கூறுமிடத்தில் இவர்கள் வாங்கு என்று கூறுவதும் இதனாலேயே. பொருள்களைக் காப்பதற்கும், குழந்தையைக் கிடத்துவதற்கும், தானியத்தைக் குற்றுவதற்கும் உரியவை தமிழ்ப்பெயரோடு நிற்க, நிலத்தினின்றும் உயர்ந்து அமர்வதற்கும் எழுதுவதற்கும் உரியவை அயற்பெயரோடு நிற்றல் கருதத்தக்கது.

இதனாற் பண்டைத் தமிழர் தச்சுக்கலை அறியாதவர் என்று கொள்ளுதல் தவறாகும். சங்க நூல்களிலே அரசுகட்டிலும் முரசுகட்டிலும் பேசப்படுகின்றன. முரசுகட்டில் என்று அறியாது அதன்மீது துயின்ற மோசிகீரனார் என்னும் புலவரைச் சேரமன்னன் தண்டியாது, கவரி வீசி நின்ற செய்தியைப் புறநானூறு கூறும். நெடுநல்வாடையிலே பாண்டிமாதேவியின் கட்டில் யானைத் தந்தத்தால் இழைக்கப்பட்ட சிறப்பு விரிவாக வருணிக்கப்படுகின்றது. தச்சர் செய்துகொடுத்த சிறு தேரைச் சிறுவர் இழுத்து மகிழ்ந்தமையைக் குறுந்தொகை காட்டும். ஆகவே கைத்திறனுக்குக் குறைவில்லை. பொதுமக்களின் வீட்டில் தளபாடங்கள் சிலவாகவே இருந்தமைக்குக் காரணம் வேறு.

அக்காரணம் வாழ்க்கை முறையிலேயே அமைந்திருந்தது. சாணத்தால் மெழுகிய நிலம் வெம்மையைத் தணித்துக் குளிர்ச்சி தந்தது. அந்நிலத்திலே பாயை விரித்துப் படுத்தனர். காலையில் அதனைச் சுருட்டி வைத்தனர். சிறியதோர் அறையே இரவிற் படுக்கையறையாகவும் பகலில் வேலை செய்யும் இடமாகவும் பயன்பட்டது. உணவு நிலத்தில் விரித்த வாழையிலையிற் படைக்கப்பட்டது. விருந்தினர் திண்ணையில் அமர்ந்தனர். மணமக்களுக்கும் மதிப்புக்குரியவர்க்கும் மணை இடப்பட்டது. இவ்வாழ்க்கைக்கு உயர்ந்த மேசையும் முதுகு சாய்க்கும் ஆசனமும் வேண்டப்படவில்லை.

அன்றியும், உயர்ந்த ஆசனம் அதிகாரத்தின் அடையாளமாகவும் இருந்தது. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, 1679ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிச்சென்ற இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், அந்நாட்டு மக்களின் வீட்டுப் பொருள்களைக் கணக்கிடுகின்றார். சில மட்பாண்டங்கள், சில பித்தளைப் பாத்திரங்கள், முதுகில்லாத ஓரிரண்டு சிறு இருக்கைகள் என்பனவே அவர் கண்டவை. முதுகு சாய்க்கும் பலகையுடைய இருக்கையில் அமரும் உரிமை மன்னன் ஒருவனுக்கே உண்டு என்பதையும் அவர் குறித்துள்ளார். அம்மன்னர்களின் வழிவந்த இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு 1693ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி அளித்த பரிசும் ஒரு சிங்காசனமே. மரத்தாற் செய்து பொற்றகடு போர்த்திய அவ்வாசனம், 1815ஆம் ஆண்டிற் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1934ஆம் ஆண்டில் திருப்பிக் கொணரப்பட்டது. இன்று அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. முதுகுடைய ஆசனம் ஒன்று அரசுரிமையோடு இத்துணை நெருங்கி நின்ற நாட்டிலே, அது குடிமக்களின் விறாந்தைக்கு வந்து சேர்ந்தமை சிறிய மாற்றமன்று.

அம்மாற்றத்தைத் தொடக்கியவர் ஐரோப்பியர். யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். 1795ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இவர்களுட் போர்த்துக்கேயர் பெயர்களைத் தந்து சென்றனர் எனின், தளபாடக் கலையை இத்தீவில் வேரூன்றச் செய்தவர் ஒல்லாந்தர் எனலாம். அவர்கள் குடும்பமாகக் குடியிருந்தனர். பெரிய அறைகளும் உயர்ந்த யன்னல்களும் உள்ள வீடுகளைக் கட்டினர். அவ்வீடுகளுக்கு ஏற்ற கதிரைகளையும் பெட்டகங்களையும் அலுமாரிகளையும் இங்கேயே செய்வித்தனர். வடிவம் ஐரோப்பாவினது, மரம் இத்தீவினது, செய்த கையும் பெரும்பாலும் இத்தீவினது. வெப்ப நாட்டுக்கு ஏற்பப் பஞ்சுத் திண்டுக்குப் பதிலாகக் காற்றோட்டமுள்ள பிரம்புப் பின்னல் இருக்கையில் அமைந்தது. கால்களும் கைப்பிடிகளும் கடைசல் வேலையால் அழகு பெற்றன. செதுக்கு வேலையிலே இந்நாட்டுக் கொடிகளும் பூக்களும் புகுந்தன.

அக்காலத் தளபாடங்களுட் சிறந்தவை கருங்காலி, முதிரை, கலமந்தர் ஆகிய மரங்களால் ஆனவை. கருங்காலியின் கருமையும் முதிரையின் பொன்மஞ்சளும் அடுத்தடுத்து வைத்து இழைக்கப்பட்டன. பழுப்பும் கருமையும் கலந்த வரிகளையுடைய கலமந்தர் இலங்கைக்கே உரியது. அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. அளவின்றித் தறிக்கப்பட்டமையால், 1859ஆம் ஆண்டில் இலங்கை பற்றிய தமது பெருநூலை வெளியிட்ட எமேர்சன் தெனன்ற் அம்மரத்தின் அருமையைக் குறித்து வருந்தி எழுதும் நிலை தோன்றியது. ஆர். எல். புறோகியர் 1969ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத் தளபாடங்கள் பற்றி நூலொன்று எழுதினார். கொழும்புப் புறக்கோட்டையில் 1982ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால நூதனசாலையில் அப்பொருள்களுட் சிலவற்றைக் காணலாம்.

ஆயினும் நூதனசாலையில் இடம்பெற்றவை செல்வர் வீட்டுப் பொருள்கள். ஊர்மக்களின் வீட்டில் நிகழ்ந்தது வேறு. அங்கே வீட்டுக்காரர் கடைக்குச் சென்று கதிரை வாங்கியதில்லை. முதலில் மரம் தெரிந்தெடுக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருங்காடு இல்லை. எனவே பாலை, முதிரை, கருங்காலி முதலிய வன்மரங்கள் வன்னிக் காட்டிலிருந்து வந்தன. அவற்றை வாங்க இயலாதார்க்கு வளவே துணையாயிற்று. வேம்பும் பூவரசும் பலாவும் இலுப்பையும் பனையும் வளவிலே நின்றன. பிள்ளை பிறந்த காலத்தில் இளமரமாக நின்ற வேம்பு, அப்பிள்ளையின் திருமணக் காலத்திலே கட்டிலுக்கு உரிய பருமனை அடைந்திருக்கும். ஆகவே வளவு மரம் ஒன்று நிழலுக்காக மட்டும் காக்கப்படவில்லை. அது குடும்பத்தின் வைப்பாகவும் இருந்தது.

ஒவ்வொரு மரத்திற்கும் அதன் இயல்புக்கு ஏற்ற தொழில் வகுக்கப்பட்டது. வேம்பின் கைப்பு பூச்சிகளை அணுகவிடாது. அதனால் உடைகளும் தானியமும் வைக்கும் பெட்டிகளுக்கு அது ஏற்றது. பாலை மிகவும் பாரமானது. அடியைத் தாங்கும் உரலுக்கும் உலக்கைக்கும் உகந்தது. பலா வெட்டிய காலத்தில் மஞ்சளாயிருந்து, ஆண்டுகள் செல்லச்செல்லச் செம்பழுப்பாகும், உளிக்கு இணங்கும், கறையானையும் எளிதில் அண்டவிடாது. பனையின் புறப்பகுதியே வைரம். உட்பகுதி மென்மையான சோற்றி. ஆதலின் பனை அகன்ற பலகையாகப் பயன்படாது. சிலாகையாகவும் வளையாகவும் கூரையைத் தாங்கும். நிலத்தில் நாட்டிய கால்களின்மேல் வாங்காகவும் அமையும்.

மரத்தைத் தேய்பிறையிலே தறித்தல் நன்று என்பது முதியோர் கொள்கை. தறித்த மரத்தைக் குழியின்மேற் கிடத்தி, கரிதோய்த்த நூலால் அடையாளமிட்டு, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளால் அரிந்தனர். அரிந்த பலகைகளை நிழலில் அடுக்கி, இடையிடையே சிறு கட்டைகளை வைத்துக் காற்றோட்டம் விட்டு, மாதக்கணக்கிற் காயவைத்தனர். இது வீண் பொறுமையன்று. ஈரமரம் காயும்பொழுது குறுக்கே சுருங்கும். நெடுக்கே ஏறக்குறைய மாறாதிருக்கும். காயாத பலகையிற் செய்த பெட்டியின் மூடி ஓராண்டினுள்ளே கோணிப் பிளந்துபோகும். தச்சர் இதனை நன்கறிந்தவர். அதனாலேயே அகன்ற பலகையை நாற்புறமும் இறுக ஆணி அறையாது, சட்டங்களின் நடுவே வெட்டிய காடியுள் அசைந்து கொடுக்கும்படி செருகினர். ஒரு சட்டத்தின் முனையை மெலிதாகச் செதுக்கி, மற்றதன் துளையினுட் புகுத்தி, மரஆணியால் இறுக்கினர். இரும்பாணி கடற்காற்றிலே துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். மரஆணியோ மரத்தோடு மரமாக ஒன்றிவிடும்.

தச்சர் வாய்ச்சி, உளி, சீவுளி, கொட்டாப்புளி, துறப்பணம் ஆகிய கருவிகளோடு வீட்டுக்கே வந்தார். நல்ல நாள் பார்த்து வேலை தொடங்கப்பட்டது. முற்றத்து மரநிழலே பட்டறையாயிற்று. கூலியோடு உணவும் அவ்வீட்டிலே வழங்கப்பட்டது. வேலை நடக்கும் நாள்களில் வீட்டார் அனைவரும் அதனைப் பார்த்தனர். சிறுவர் மரத்தூளில் விளையாடினர். முதியவர் குறை கூறினர். இவ்வாறு செய்யப்பட்ட பொருளின் அளவு எந்தப் புத்தகத்திலிருந்தும் பெறப்படவில்லை. கட்டிலின் நீளம் அதிற் படுப்பவரின் உயரத்தைத் தழுவியது. மணையின் உயரம் அடுக்களையில் இருந்து தேங்காய் துருவும் பெண்ணின் உடலுக்கு இசைந்தது. பெட்டகத்தின் அகலம் அது நிற்கவேண்டிய அறையை நோக்கி வகுக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கெனச் செய்த பொருள் மற்றொரு வீட்டிற் சிறிது பொருந்தாமலே நிற்கும். அப்பொருந்தாமையே அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று.

இப்பொருள்களுள் முதன்மை பெற்றது பெட்டகம். தடித்த பலகைகளால் இழைத்து, பித்தளைப் பூண்களும் பெரிய பூட்டும் பொருத்தி, நகர்த்துதற்கு உதவியாக அடியிற் சில்லுகள் பூட்டப்பட்ட பெட்டகங்களும் இருந்தன. அதன் மூடியின்மேல் ஒருவர் படுத்துறங்கலாம்; உறங்குபவரே காவலாளரும் ஆவார். உள்ளே பித்தளைப் பாத்திரங்கள், கூறைச்சேலை, நகை, காணி உறுதி ஆகியவை வைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706, 1707ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்த அரசின் கட்டளைப்படி தொகுத்தார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பு, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துக் கூறுகின்றது. காணியும் நகையும் சட்டத்தின் ஏட்டில் இடம்பெற்றன. அவற்றின் உறுதிகளைத் தாங்கி நின்றது பெட்டகம். தாயின் பெட்டகம் மகளுக்குச் செல்லும்போது, அவளுடைய உரிமையும் அதனுள்ளே இருந்து உடன் சென்றது எனலாம்.

பெட்டகம் பழமையின் சின்னமாயின், மேசை புதுமையின் சின்னமாயிற்று. ஏட்டில் எழுதுபவர்க்கு மேசை வேண்டியதில்லை. இடக்கையில் ஓலையைப் பிடித்து, வலக்கையில் எழுத்தாணி கொண்டு, சம்மணமிட்டு இருந்தே எழுதலாம். மணலில் எழுதிப் பழகும் பிள்ளைக்கும் நிலமே போதும். கடதாசியும் மைக்கூடும் தூவலும் வந்தபின் அந்நிலை மாறியது. கடதாசி நெகிழும், மை சிந்தும், இரண்டிற்கும் சமனான பலகை வேண்டும். 1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற்கு வந்தனர். 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் உடுவிலிற் பெண்கள் பாடசாலை எழுந்தது. பின்னர்ச் சைவப் பாடசாலைகளும் பெருகின. பாடசாலையில் வாங்கிலிருந்து எழுதிப் பழகிய பிள்ளைக்கு வீட்டிலும் ஒரு மேசை வேண்டப்பட்டது. அடுக்களைக்குத் தேவையானவற்றைக்கூடப் பிற்போட்டு, பிள்ளையின் படிப்புக்கென மேசையொன்று செய்வித்த குடும்பங்கள் பல. அம்மேசையின்மேல் மண்ணெண்ணெய் விளக்கு ஒளிர்ந்தது. அதன் லாச்சியிற் புத்தகமும் பேனையும் இருந்தன. அதிலே படித்தவர் கந்தோர் எழுதுவினைஞராயினர், ஆசிரியராயினர், மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் பிற அலுவலகங்களிலும் பணியாற்றினர்.

அவ்வாறு சென்றவர்கள் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய காலத்திலே விறாந்தையின் தோற்றமும் மாறியது. சாய்மனைக் கதிரை அங்கே இடம்பிடித்தது. நீண்ட கைப்பிடிகளும், சரிந்த முதுகும், பிரம்புப் பின்னலும் கொண்ட அக்கதிரை ஓய்வுபெற்ற தந்தையின் ஆசனமாயிற்று. அவர் இல்லாத வேளையிலும் பிறர் அதில் அமரத் தயங்கினர். நொக்ஸ் கண்ட காலத்தில் மன்னனுக்கு மட்டும் உரியதாயிருந்த முதுகு சாய்க்கும் உரிமை, இங்ஙனம் குடும்பத் தலைவர் வரையிலும் இறங்கி வந்தது.

ஆனால் அவ்வுரிமை எல்லார்க்கும் இறங்கி வரவில்லை. மரத்தைத் தறித்தவரும் சுமந்தவரும், அம்மரத்தாற் செய்து முடித்த கதிரையில் அமர இடம் பெறாத வீடுகள் யாழ்ப்பாணத்திற் பல. தாழ்த்தப்பட்டவர் எனக் கருதப்பட்டோர் முற்றத்திலே நின்றனர், அல்லது நிலத்தில் இருந்தனர். பாடசாலையிலும் அவர்தம் பிள்ளைகளுக்கு வாங்கு மறுக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டையொட்டி, அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் அனைவர்க்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்ற பணிப்பு எழுந்தபோது, அதற்குக் கடும் எதிர்ப்புத் தோன்றியது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் அருகில் ஒரே பலகையின்மேல் அமர்வதைத் தடுத்தற்காகக் கல்விச்சாலையையே எரிக்கத் துணிந்தமை, ஆசனம் என்பது வெறும் மரமன்று என்பதைத் துயரத்தோடு உணர்த்துகின்றது. சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சட்டம் வந்தபின்னும் தேநீர்க்கடை வாங்கிற்காகவும் ஆலய வாயிலுக்காகவும் போராட வேண்டியிருந்தது. வீட்டுத் தளபாடத்தின் பெருமையைப் பேசும் வரலாறு இச்சிறுமையையும் மறைத்தலாகாது.

மலைநாட்டுத் தமிழரின் வீடுகளுக்குச் சென்றால், அங்கே வேறொரு கைவினையைக் காணலாம். தோட்டத் தொழிலாளரின் லயத்து அறை ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதனுள்ளே சமையலும் உறக்கமும் பிள்ளைகளின் படிப்பும் நிகழவேண்டும். வளவும் இல்லை, வளவு மரமும் இல்லை, தச்சரை அழைத்தற்குப் பணமும் இல்லை. ஆயினும் தேயிலையை ஏற்றுமதி செய்த மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டிகள் இருந்தன. பழுதான பெட்டி கிடைத்தால் அதன் பலகையைத் தட்டாகவும் சிறு அலுமாரியாகவும் மாற்றிக்கொண்டனர். கவிழ்த்து வைத்த பெட்டியே பிள்ளைக்கு மேசையாயிற்று. சுவாமிப் படம் வைக்கும் தட்டும் அப்பலகையாலேயே அமைந்தது. இங்கே வீட்டாரே தச்சர். தாம் பறித்த தேயிலையைக் கடல் கடத்துதற்கென அமைந்த பலகையைத் தம் பிள்ளையின் புத்தகத்தின்கீழ் நிறுத்திய அவர்களுடைய உழைப்பு, கருங்காலிக் கதிரையின் செதுக்கு வேலைக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. பின்னாளிலே தாளுறைகள் வந்தமையால் தேயிலைப் பெட்டியும் அரிதாயிற்று.

வீட்டிற்செய்த பொருளின் மதிப்பை உலகறியச் செய்தவருள் ஒருவர் இத்தீவிற் பிறந்தவர். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலை 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியிட்டார். தச்சர் முதலிய கைவினைஞரின் தொழிலையும் கருவிகளையும் அளவுகளையும் அவர் அதில் விளக்கினார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியிலே அந்நூல் 425 பிரதிகளே அச்சிடப்பட்டது. அந்த மொறிஸும் 1856ஆம் ஆண்டில் இலண்டனிலே தாம் குடியிருந்த அறைகளுக்குக் கடையில் மனத்துக்கு இசைந்த தளபாடம் கிடையாமையால், தாமே வடிவமைத்துத் தச்சரைக் கொண்டு செய்வித்தவர். இயந்திரப் பொருள்கள் வந்து குவியும்போது கைவினைஞரின் தொழிலோடு அவர்தம் அறிவும் மறையும் என்பது குமாரசுவாமியின் கவலை. அக்கவலை பொய்க்கவில்லை. மொறட்டுவைப் பட்டறைகளிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட தளபாடங்கள் நாடெங்கும் சென்றன. பின்னர் இரும்புக் கதிரையும், அதன்பின் பிளாத்திக்குக் கதிரையும் மலிந்தன. பாரமற்றவை, விலை குறைந்தவை, மழையிற் கெடாதவை என்ற காரணங்களால் மக்கள் அவற்றை விரும்பினர். அவ்விருப்பத்திற் குற்றமில்லை. ஆயினும் முற்றத்துப் பட்டறை ஓய்ந்தது; வளவு மரத்தின் இயல்பை அறிந்த கண்களும் குறைந்தன.

காலத்தால் நேர்ந்த இக்குறைவின்மேற் போரின் அழிவும் வந்து சேர்ந்தது. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் எண்ணிறந்தன வீழ்த்தப்பட்டன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே வீடுகளை விட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். கையிலும் தலையிலும் மிதிவண்டியிலும் கொண்டுசெல்லத் தக்கன மட்டுமே உடன் சென்றன. காணி உறுதியைப் பெட்டகத்திலிருந்து எடுத்துச் செல்லலாம். பெட்டகத்தை எடுத்துச் செல்ல இயலாது. அதன் உறுதிக்காகவே விரும்பித் தேர்ந்த பாரம், அன்று அதனைக் கைவிடுதற்குக் காரணமாயிற்று. திரும்பி வந்தவருட் பலர் கதவும் நிலையும் கூரைமரமும் இல்லாத வெறுஞ்சுவர்களையே கண்டனர். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் வன்னிக்கு மீண்டவர்களின் நிலையும் அத்தகையதே. தறப்பாட் கொட்டில்களிலே புதுவாழ்வு தொடங்கியபொழுது, நான்கு தடிகளை நிலத்தில் நாட்டி, மேலே பலகை அறைந்த வாங்கு ஒன்று பல இடங்களில் முதலில் எழுந்தது. வருபவரை இருக்கச் சொல்லுதற்கு ஓரிடம் இருந்தாலன்றி ஒரு கொட்டில் வீடாவதில்லை.

இழந்த தளபாடத்திற்கு விலை கணிக்கலாம். இத்தனை அடி பலகை, இத்தனை நாட் கூலி என்று எழுதிக்கொள்ளலாம். எந்தப் பிள்ளையின் உயரத்துக்கு அம்மேசை செய்யப்பட்டது, எந்தக் கிணற்றடி வேம்பு அக்கட்டிலாயிற்று, எந்தத் தாய் அப்பெட்டகத்தை எந்த மகளுக்குக் கொடுத்தாள் என்பன அக்கணக்கில் அடங்கா. அவை முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. பழைய பெட்டகமோ மணையோ இன்னும் வீட்டிலிருக்கப்பெற்ற நேயர்கள், அதன் மரம் யாது, செய்தவர் யார், யாருக்காகச் செய்யப்பட்டது என்பனவற்றை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதன் லாச்சியிலோ மூடியின் உட்புறத்திலோ வைத்தல் நன்று. பொருள் இல்லாதவர்களும் அதன் நினைவை எழுதி வைக்கலாம். புதிதாக ஒரு மேசை செய்விப்பவர், அதன் அடிப்பலகையில் ஆண்டையும், செய்த தச்சரின் பெயரையும், எந்தப் பிள்ளைக்காக அது செய்யப்பட்டதோ அப்பிள்ளையின் பெயரையும் பொறிப்பித்தலும் தகும். அம்மேசையைச் சூழ இடப்படும் கதிரைகளில் வீட்டுக்கு வரும் எவர்க்கும் ஒன்று ஒழிந்திருத்தல் வேண்டும்.